நுனி கிடைக்காத ஊசி

ஊசி உடைந்தால் அந்த இடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுத வேண்டும். அதுதான் முறை. எழுதுகிறேன்.

லைன் சூப்பர்வைசர். முப்பது வயசு. என்னை அக்கா என்று கூப்பிடுவான்.

மூன்றாவது ஓவர்லாக் மெஷினில் தைத்த பெண். திருநெல்வேலிப் பக்கம். கட்டிக்கொடுத்து இங்கே வந்தவள்.

அவளுக்குப் பக்கத்து மெஷினில் ஒடிசாக்காரன். தமிழ் தெரியாது. ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தான். மறுபடி தைக்கத் தொடங்கிவிட்டான்.

நான்.

எனக்கு ஊசி ரூம் வேலை. பனியன் கம்பெனியில் ஊசிக்கென்று தனி ரூம் உண்டு. தையல்காரர்கள் கையில் மாற்று ஊசி இருக்கக் கூடாது. உடைந்ததைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதுசு கொடுப்பேன். உடைந்த துண்டுகள் எல்லாம் வர வேண்டும். அவற்றை ரிஜிஸ்டரில் வரிசையாக வைத்து, செலோடேப் போட்டு ஒட்டி, ஸ்கேல் வைத்துப் பார்ப்பேன். முழு ஊசியின் நீளம் வர வேண்டும். வராவிட்டால் அந்தப் பண்டல் முழுவதும் சிவப்புப் பெட்டிக்குப் போகும். வெளியே போகக் கூடாது. நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். இந்த வேலைக்கு அது போதும்.

அன்றைக்கு மேல் துண்டு மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு பலகையில் கிடந்தது. நுனி கிடைக்கவில்லை. காந்தத்தை வைத்துத் தரையைத் தடவினேன். துணியைத் தடவினேன். அந்தப் பெண்ணின் சேலை மடிப்பைக்கூட உதறிப் பார்த்தோம். இல்லை.

தைத்தது ரோம்பர். கைக்குழந்தைக்குப் போடுவது. கையும் காலும் பாதமும் சேர்ந்து ஒரே உடுப்பு. வெளிநாட்டு ஆர்டர்.

சூப்பர்வைசர் சொன்னான். "அக்கா, பண்டலை நிறுத்துனா ஷிப்மெண்ட் நிக்கும். உங்ககிட்ட பழைய நுனி ஏதாச்சும் இருக்குமில்ல?"

இருந்தது. சாயங்காலம் காந்தத்தால் தரையைத் தடவினால் எப்போதாவது ஒரு நுனி ஒட்டிக்கொண்டு வரும். யார் உடைத்தது என்று தெரியாது. ஏச்சுக்குப் பயந்து, ஒளித்துவைத்த ஊசியை மாட்டிக்கொண்டு சொல்லாமல் விட்டிருப்பார்கள். அப்படி வந்த ஒன்று டப்பாவில் கிடந்தது.

"செக்கிங் இருக்குது, ஊசி புடிக்கற டிடெக்டர் இருக்குது. அதுல மாட்டாதா என்ன?" என்றான்.

டப்பாவைத் திறந்தேன். அந்த நுனியை எடுத்து ஒட்டினேன். ஸ்கேல் வைத்தேன். நீளம் சரியாக வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

நிறம் மட்டும் வேறாக இருந்தது. ஒட்டின பிறகுதான் கண்ணில் பட்டது.

மூன்றாம் நாள் நடக்கும்போது வலது குதிகாலில் சுருக்கென்றது. செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ரத்தம் இல்லை. முள் இல்லை. மறுபடி சுருக்கென்றது.

எங்கள் மூலனூர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. உடம்புக்குள் போன ஊசி இருந்த இடத்தில் இருக்காது. ரத்தத்தோடு நகரும். நெஞ்சுக்குப் போய்த்தான் நிற்கும்.

பத்து நாளில் குதிகால் குத்து முழங்காலுக்கு வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மெயினை அணைப்பார்கள். முன்னூறு மெஷின் ஒரே நேரத்தில் நிற்கும். காது அடைத்த மாதிரி இருக்கும். எல்லோரும் கேன்டீனுக்குப் போவார்கள். நான் ஊசி ரூமிலேயே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிடுவேன். அப்போது கேட்கத் தொடங்கியது. டிக். கொஞ்சம் கழித்து டிக். மூன்றாவது மெஷின் இருக்கும் பக்கமிருந்து. போய்ப் பார்த்தேன். மெஷின் சும்மா நின்றது. ஊசி மேலே இருந்தது. திரும்பி நாலு எட்டு வைத்தேன். டிக்.

தையல்காரப் பெண்ணிடம் கேட்டேன். "ஏங்கண்ணு, உன் மெஷின்ல ஏதாச்சும் சத்தம் வருதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே யக்கா" என்றாள். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அடுத்த நாள் அவள் வேறு மெஷினில் இருந்தாள். அவளே கேட்டு மாற்றிக்கொண்டாளாம்.

அயர்னிங் பக்கம் போவதை விட்டேன். அங்கே ரோம்பரைப் பலகையில் விரித்து ஸ்டீம் விடுவார்கள். ஆவி உள்ளே போனதும் வயிறு உப்பும். கை கால் விறைத்துத் தூக்கும். ஒரு நொடி உள்ளே யாரோ படுத்திருக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் மெல்ல அடங்கித் தட்டையாகும். பல வருசமாகப் பார்த்ததுதான். இப்போது பார்த்தால் காலில் குத்தியது.

கம்பெனிக்குப் புதன்கிழமை தோறும் ஒரு மேடம் வருவார். போர்டில் சைக்கோதெரபிஸ்ட் என்று எழுதியிருக்கும். எல்லோரும் கவுன்சிலிங் மேடம் என்பார்கள். ஊசி ரூமுக்கு நேர் எதிர் ரூம். பழைய சாம்பிள் ரூம் அது. யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தூக்கம் வராதவர்கள் போவார்கள். புருசனோடு பேச்சில்லாதவள் போவாள். பிரிண்டிங் பிரிவில் ஒரு பாய், மனைவி தவறிப்போனதிலிருந்து சாப்பாடு இறங்காமல் இருந்தார். அவரும் போனார். வெளியே வரும்போது யாரும் சிரித்துக்கொண்டு வரமாட்டார்கள். முகம் கழுவின மாதிரி இருக்கும்.

நானும் ஒரு புதன்கிழமை போய்க் கதவைத் தட்டினேன்.

ரூமில் ஒரு ராக் இருந்தது. அதில் குழந்தை டம்மிகள். உடுப்பை மாட்டி அளவு பார்க்க வைத்திருப்பது. கை கால் உண்டு, தலை கிடையாது. மேடம் எழுந்து போய் அவற்றை ஒவ்வொன்றாகச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"எடுக்கச் சொல்லி நாலு தடவை சொல்லிட்டேனுங்க. எடுக்க மாட்டேங்கறாங்க. அதுவரைக்கும் அதுங்க அந்தப் பக்கம் பாக்கட்டும்" என்றார்.

அப்புறம் ஒரு தாளைப் படித்துக் காட்டினார். படித்த பிறகுதான் கையெழுத்துக் கேட்டார்.

"நீங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாதுங்க. கம்பெனி கேட்டா இந்த மாசம் எத்தன பேர் வந்தாங்கன்னு மட்டும் சொல்லுவேன். பேர் சொல்ல மாட்டேன். ரெண்டு எடத்துல மட்டும் தாண்டும். உங்க உசுருக்கு ஆபத்துன்னா. உங்களால இன்னொருத்தர் உசுருக்கு ஆபத்துன்னா. அப்பவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் வெளிய சொல்லுவேன்."

சரிங்க என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

குத்தைச் சொன்னேன். சத்தத்தைச் சொன்னேன். நுனியைச் சொல்லவில்லை.

மேடம் ஒரு ஆள் படம் போட்ட தாளைக் கொடுத்தார். "எங்க குத்துதோ அங்க புள்ளி வைங்க." குதிகாலில் ஒன்று வைத்தேன். முழங்காலில் ஒன்று வைத்தேன். இது ஒரே ஊசி, நகர்ந்து வருகிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"மொதல்ல எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. உடம்புல ஏதாச்சும் இருந்து, நான் பேசியே நாளைக் கடத்துனேன்னா அது தப்புங்க."

பெரியாஸ்பத்திரியில் எடுத்தேன். அடுத்த புதன் படத்தைக் கொண்டுபோனேன். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். என் காலெலும்பு வெள்ளையாக நின்றது. ஊசி இல்லை.

"படத்துல உளுகாத ஊசியும் இருக்குமுங்களா?" என்று கேட்டேன்.

"குத்தறது நெசமுங்க. ஊசி இல்லங்கறதும் நெசம். ரெண்டையும் வெச்சுக்கிட்டுப் பேசலாமுங்களா?"

எப்போதெல்லாம் குத்துகிறது என்று எழுதிவரச் சொன்னார். எழுதுவது எனக்குப் பழக்கம்தான். குத்தும்போது பாதம் இரண்டையும் தரையில் அழுத்தி, மூச்சை மெல்ல விட்டு எண்ணச் சொன்னார். செய்தால் கொஞ்சம் அடங்கியது. மறுபடி வந்தது. சரியாகிவிடும் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "மாத்திரை குடுக்கறது என் வேலை இல்லீங்க. வேணும்னு தோணுச்சுன்னா டாக்டருக்கு எழுதித் தர்றேன்" என்றார்.

அன்றைக்கு ஊரிலிருந்து வந்த முருங்கைக்காய் ஒரு கட்டு கொண்டுபோயிருந்தேன். வாங்கவில்லை.

"காசு இல்லீங்க மேடம். எங்க தோட்டத்துக் காய்."

"தெரியுமுங்க. வாங்குனா அடுத்த வாரம் உங்களுக்கு என்கிட்ட ஒரு மரியாதை வந்துரும். சொல்ல வேண்டியதைச் சொல்ல மாட்டீங்க."

எனக்குக் கோபம். கட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். பேக்கிங் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள்.

"என்னக்கா, காயைத் திருப்பி அனுப்பிட்டாங்களா? உங்களுக்கும் மண்டையில ஏதாச்சும் கழண்டுருச்சா?"

"கழண்ட துண்டைக் கொண்டா கண்ணு. ரிஜிஸ்டர்ல ஒட்டித் தர்றேன்" என்றேன். சிரித்தார்கள். எனக்கு முதுகு சில்லென்றது.

அந்த ஞாயிறு பல்லடம் பஸ் ஸ்டாண்டில் மேடத்தைப் பார்த்தேன். மூன்றடி தள்ளி நின்றார். என்னைப் பார்த்தார். முன்பின் தெரியாதவர் மாதிரி பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டார். என் பக்கத்தில் உடுமலையில் கட்டிக்கொடுத்த மகள் நின்றாள். நானும் பேசவில்லை. நாம் பைத்தியக்காரி ஆகிவிட்டோம் என்று நினைத்தேன். அன்று முழுவதும் அதே நினைப்பு.

சூப்பர்வைசர் திங்கள்கிழமை ஊசி ரூமுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அக்கா, மேடத்துகிட்ட என்ன பேசறீங்க?"

"முட்டி வலி பேசறேன்."

"முட்டி வலிக்கு முக்கா மணி நேரமா?"

"ரெண்டு முட்டியப்பா."

அவன் சிரிக்கவில்லை. "ஷிப்மெண்டைத் தள்ளி வெச்சிருந்தாங்கல்ல. வெள்ளிக்கிழமை கன்டெய்னர் வருது. அது போயிருச்சுன்னா எல்லாம் முடிஞ்சுதுக்கா" என்றான்.

சரக்கு அதுவரை குடோனில் இருந்தது. தொண்ணூற்றாறு பெட்டி. டிடெக்டரில் விட்டுத்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் அந்த ரோம்பருக்குப் பித்தளைப் பட்டன். பட்டனுக்கெல்லாம் கத்துகிறது என்று, மெக்கானிக்கைக் கூப்பிடாமல், டிடெக்டரின் காதைத் திருகி மந்தமாக்கி வைத்திருந்தார்கள். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அன்று மதியம் குடோனைத் தாண்டிப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிக் என்றது. இப்போது மெஷின் பக்கம் இல்லை. பெட்டிகள் இருக்கும் பக்கம். அங்கேயே நின்றேன். விலா எலும்புக்குக் கீழே குத்தியது.

புதன்கிழமை மேடம் டம்மிகளைத் திருப்பிவிட்டு உட்கார்ந்தார். நான் முதலில் பஸ் ஸ்டாண்டைக் கேட்டேன்.

"ஏனுங்க, பாத்தும் பாக்காத மாதிரி போனீங்க?"

"நீங்க கூப்பிட்டிருந்தா பேசியிருப்பேனுங்க. நானாக் கூப்பிட மாட்டேன். இவங்கள எப்படித் தெரியும்னு பக்கத்துல நின்னவங்க கேட்டா, நீங்க பதில் சொல்ல வேண்டி வரும். இத மொதல் நாளே நான் சொல்லியிருக்கோணும். சொல்லாதது என் தப்பு."

தப்பு என்று அத்தனை லேசாகச் சொல்லிவிட்டார்.

நான் எழுதிவந்த தாளைப் பார்த்தார். படத்தைக் கொடுத்தார். விலாவில் புள்ளி வைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை ஒரு தடவைகூடக் குத்தலீங்களே."

"ஞாயிறு கம்பெனி லீவுங்க."

ஃபேன் ஓடியது. ராக்கில் டம்மிகள் முதுகைக் காட்டி நின்றன. வெகுநேரம் அப்படியே இருந்தோம். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"மேடம், மொதல் நாள் ரெண்டு எடம் சொன்னீங்க. இன்னொருத்தர் உசுருன்னு. கைக்கொழந்தையும் அந்தக் கணக்குல வருமுங்களா?"

பேனாவை மூடி வைத்தார்.

"வருமுங்க. மேல சொல்றதுக்கு முன்னாடி இத யோசிச்சுக்குங்க. நீங்க சொன்ன பொறகு நான் சும்மா இருக்க முடியாமப் போகலாம். அது தெரிஞ்சு சொல்லுங்க."

சொல்ல வேண்டாம் என்று எழுந்து வந்திருக்கலாம். அதற்கும் வழி விட்டுத்தான் கேட்டார். விலாவில் குத்திக்கொண்டே இருந்தது. எங்கோ ஒரு ஊரில் ஒருத்தி புது உடுப்பைக் குழந்தைக்கு மாட்டுவாள். குழந்தை அழும். பசி என்று நினைப்பாள். பாலைக் கொடுப்பாள். அழுகை நிற்காது. கழற்றிப் பார்க்கத் தோன்றாது.

சொன்னேன். நுனி காணாமல் போனது, டப்பா, டேப், ஸ்கேல், கையெழுத்து, வெள்ளிக்கிழமை கன்டெய்னர். எல்லாம் சொன்னேன். ஐந்து நிமிசம்கூட ஆகியிருக்காது.

"எனக்கு மேல ஒருத்தர் இருக்காருங்க. இந்த மாதிரி விசயத்துல அவருகிட்ட கேட்டுத்தான் செய்வேன். உங்க பேரோ கம்பெனி பேரோ சொல்லாமக் கேப்பேன். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள இது வெளிய வந்தாகோணும். அது எனக்கு இப்பவே தெரியும். நீங்களே சொல்றதா இருந்தா, கூட வந்து உக்காருறேன். பேச மாட்டேன். உக்காருவேன்."

"வேலை போயிருமுங்களா?"

"போகலாமுங்க. போகாதுன்னு சொன்னா அது பொய்."

மெயினை அணைத்தார்கள். சாப்பாட்டு நேரம். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிக் கேட்கவில்லை. கேட்காதது இன்னும் பயமாக இருந்தது.

எழுந்து பேக்டரி மேனேஜர் ரூமுக்குப் போனேன். மேடம் பின்னால் வந்தார். வழியில் சூப்பர்வைசர் நின்றான். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"அக்கா, வேண்டாமுங்க்கா. எம்பட பொழப்பும் போயிரும்."

"உன் பேரைச் சொல்லல. ஒட்டுனது என் கை."

மேனேஜரிடம் சொன்னேன். அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் சுவரோரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏனம்மா, இத்தன நாள் உட்டுட்டு இப்ப வந்து சொல்றீங்க?"

"இப்பத்தானுங்க சொல்ல முடிஞ்சுது."

"உள்ள என்னதான் பேசுனீங்க மேடம்?" என்று அவரைக் கேட்டார்.

"அத நான் சொல்லக் கூடாதுங்க" என்றார் மேடம். அவ்வளவுதான்.

மேனேஜர் வாயில் வந்ததையெல்லாம் பேசினார். எழுத வேண்டாம். பேசி முடித்துவிட்டு போனை எடுத்து மெக்கானிக்கை வரச் சொன்னார். குடோன் சாவியைக் கேட்டார். மேடம் கிளம்பும்போது, மேலே இருக்கறவருகிட்ட கேட்க வேண்டிய வேலை இனி இல்லீங்க என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

என்ன ஆனது என்று கேட்பார்கள். ஊசி ரூம் போய்விட்டது. என்னைப் பிசிர் வெட்டும் டேபிளில் போட்டார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். சூப்பர்வைசர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. மேடத்திடம் இன்னும் ஐந்து புதன் போனேன். கடைசிப் புதன், இன்னைக்கோட போதும்னு நினைக்கறேனுங்க, வேணும்னா எப்ப வேணும்னாலும் வாங்க என்றார். நாங்கள் பஸ் ஸ்டாண்டில் இப்போதும் பேசுவதில்லை. குத்து குறைந்துவிட்டது. நின்றுவிட்டது என்று எழுத மாட்டேன்.

அதெல்லாம் பிறகு. நான் சொன்னதற்கு மறுநாள், அந்த வியாழக்கிழமையை முடிக்கிறேன்.

காலையில் டிடெக்டரைச் சரியாகத் திருப்பி வைத்தார்கள். பித்தளைக்குக் கத்தாது. இரும்புக்குக் கத்தும். தொண்ணூற்றாறு பெட்டியும் பிரித்தார்கள். பேக்கிங் ஆட்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். பெல்ட்டில் ரோம்பர்கள் மல்லாக்கப் படுத்து ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. காலை நீட்டி, கையை விரித்து. மேனேஜர் என்னை அங்கேயே நிற்கச் சொன்னார். ரிஜிஸ்டர் என் கையில் இருந்தது.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கத்தியது. பெல்ட் நின்றது. காந்தத்தை வைத்தேன். இடது பாதத் தையலுக்குள் இருந்தது. அரிசி நொய் அளவு. தையல்காரப் பெண் தரையில் உட்கார்ந்து அழுதாள். "கெடச்சிட்டுதா யக்கா, கெடச்சிட்டுதா" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒட்டினேன். ஸ்கேல் வைத்தேன். நிறமும் சேர்ந்தது.

"போதுமுங்க சார், மீதிப் பெட்டியை ஒட்டிரலாம்" என்றான் சூப்பர்வைசர்.

மேனேஜரும் தலையை ஆட்டினார்.

"மீதியும் பெல்ட்டுல போயிரட்டுங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. காணாமல் போனது ஒன்றுதான். ரிஜிஸ்டரில் வேறு குறை இல்லை.

மேனேஜர் பெல்ட்டை ஓடவிடச் சொன்னார்.

மூன்று மணிக்கு மேல் மறுபடி கத்தியது. ஒரு முழங்கால் மடிப்பு. யாரும் யாரையும் பார்க்கவில்லை. லைனில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசிப் பெட்டிக்கு முந்தின பெட்டியில் மறுபடி. விலாப் பக்கத் தையல்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒட்டினேன். பக்கத்தின் கீழே ஒரு கட்டம் உண்டு. கிடைத்த நுனி எத்தனை என்று எழுத வேண்டும். எழுதினேன்.

மூன்று.